இரண்டு இடப்பக்கம்

என்னால் யாரையும் அவ்வளவு சுலபத்தில் நம்பிவிட முடியாது. காய்கறிக் கடையில் தராசு ஆடினால் என் கண் முள்ளைப் பார்க்காது, கடைக்காரர் கையைத்தான் பார்க்கும். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை தையல் கடை வைத்திருக்கிறார், கட்டிங் மாஸ்டர் என்றார்கள். வீட்டில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர் நகத்தைப் பார்த்தேன். இடுக்கில் சாக்பீஸ் தூள் இருந்தது. சரி, இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். "நீ என்னையா கட்டிக்கிட்ட, சாக்பீஸைத்தானே கட்டிக்கிட்ட?" என்று அவர் இன்றைக்கும் சீண்டுவார்.

அவருடைய இருதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்று தெரிந்தபோதும் நான் இப்படித்தான் இருந்தேன். திடீரென்று படபடவென்று வரும், கத்தரிக்கோலை வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பிறகு தானாகவே அடங்கும். பெரிய டாக்டர் ஒருவரிடம் போனோம். தொடையில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, இருதயம் வரை கொண்டு போய், தாளத்தைக் கெடுக்கும் இடங்களைச் சுட்டுவிட்டால் சரியாகிவிடும் என்றார். பொறுமையாகப் படம் போட்டுக்கூட விளக்கினார். ஆபத்துகளைச் சொல்லும்போது மட்டும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் போல வேகம் எடுத்தார்.

"குழாய் போட்ட இடத்துல ரத்தம் கசியலாம். சின்னச் சின்ன ரத்தக்கட்டி மூளைக்குப் போகலாம். வரக்கூடாதுன்னுதான் மருந்து குடுக்கறோம். பயப்பட வேண்டாம்."

"மூளைக்குப் போனா என்ன டாக்டர் ஆகும்?" என்றேன்.

"பெரிசா போனா கை கால் இழுத்துக்கும், வாய் கோணும். உடனே தெரிஞ்சிடும்."

"சின்னதா போனா?"

அவர் பேனாவை மூடினார். "சின்னதா போனா பெரும்பாலும் தெரியவே தெரியாதும்மா."

தெரியாது என்றால் ஒன்றும் ஆகாது என்கிறாரா, ஆனாலும் யாருக்கும் தெரியாது என்கிறாரா? நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கையெழுத்தைப் போட்டுவிட்டார். "விட்டா டாக்டரையே கூண்டுல ஏத்திடுவா இவ. வா, பசிக்குது" என்று என்னை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்றார்கள். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினார். மணிக்கட்டை நீட்டி, "பிடிச்சுப் பாரு, கடிகாரம் தோத்துப் போகும்" என்றார். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள், நாங்கள் சொல்லும்வரை நிறுத்தவே கூடாது என்று. சாப்பாட்டுக்குப் பிறகு அதை நான்தான் அவர் உள்ளங்கையில் வைப்பேன். தண்ணீரோடு வாயில் போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். வாயில் போடுவதைப் பார்த்தவள் விழுங்குவதைப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் கடையில் மூன்று பேர். அவர் வெட்டுவார். என் தம்பி தைப்பான். நான் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து, பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு மாட்டுவேன். தம்பி ஒல்லி. இவர் அவனை 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார். அவனுக்கு நாற்பது தாண்டி, முன்நெற்றி ஏறி, கண்ணாடியும் போட்டாயிற்று, இன்னும் ஊசிதான். அவன் தையலில் ஒரு சுருக்கம் இருந்தால் இவர் துள்ளுவார். இவர் வெட்டில் ஒரு நூல் கூடினால் அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான், அவ்வளவுதான், வாய் பேச மாட்டான். இருவருக்கும் நடுவில் நான் இஸ்திரிப் பெட்டியோடு உட்கார்ந்து இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

ஒரு ஹோட்டலிலிருந்து வரவேற்பறை ஆட்களுக்குக் கட்டம் போட்ட கோட்டு தைக்கச் சொல்லித் துணியைக் கொடுத்தார்கள். நல்ல கனமான துணி. மேல்பக்கம் வேறு, அடிப்பக்கம் வேறு. சாதாரணத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு ஒரு வெட்டு வெட்டினால் கோட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஜோடியாக வந்துவிடும். கட்டத் துணியில் அந்த வேலை ஆகாது. மடித்தால் அடியில் இருக்கும் கட்டம் நழுவும், நெஞ்சில் ஒரு பக்கக் கோடு மேலேயும் இன்னொரு பக்கக் கோடு கீழேயும் போய் நிற்கும். அதனால் துணியை ஒற்றையாக விரித்து, அளவு அட்டையை வைத்து ஒரு பக்கத்தை வரைய வேண்டும். பிறகு அட்டையைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தை வரைய வேண்டும். இந்தத் தொழிலில் நுழைந்த முதல் மாதமே கற்றுக்கொடுக்கிற விஷயம் இது.

ஒரு நாள் காலையில் ஊசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இரண்டு துண்டுகளை மெஷின் மேல் வைத்து, "அத்தான், ரெண்டும் இடப்பக்கமா இருக்கே" என்றான்.

இவர் வந்து பார்த்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். இரண்டும் அச்சாக ஒரே பக்கம். "இது நான் வெட்டினது இல்ல" என்றார்.

"அப்ப யாரு வெட்டினது, பேயா?" என்றேன் நான். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஊசியின் இடுப்பில் தொங்கிய கடைச் சாவியைப் பார்த்தார். அவர் சாயங்காலம் வெட்டி அலமாரியில் கட்டி வைப்பார், காலையில் கடையைத் திறப்பது ஊசி. நடுவில் அந்தக் கட்டைத் தொடக்கூடியவன் அவன் ஒருவன்தான்.

அவர் அப்படிப் பார்த்ததும் எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சந்தேகம் என்பது என் வீட்டுச் சொத்து, அதை வேறொருவர் முகத்தில் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியும். அவர் சொன்னதை நான் ஏன் நம்பக்கூடாது? கல்யாணமான நாளிலிருந்து அவர் மேசையில் ஒரு துண்டு வீணாகி நான் பார்த்ததில்லை. "நான் வெட்டினது இல்ல" என்று அவர் சொன்ன குரலில் ஒரு இழை நடுக்கம் இல்லை.

அதே வாரம் மறுபடியும் அப்படியே ஆயிற்று. இந்த முறை ஊசி என்னிடம் மட்டும் காட்டினான். "அத்தான்கிட்ட இப்ப சொல்ல வேணாம்க்கா" என்றான். ஏன் சொல்ல வேண்டாம்? தப்பு அவர் மேல் என்றால் நேராகச் சொல்லலாமே. மறைக்கிறவனுக்குத்தானே மறைக்க ஏதோ இருக்கும்?

அன்றைக்குப் பார்த்து, கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவன் போனில் குசுகுசுவென்று பேசுவது காதில் விழுந்தது. "இல்லண்ணே, அத்தானுக்குத் தெரிய வேணாம். நானே நேர்ல வர்றேன்." என்னைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"யாருடா?"

"நூல்காரர்க்கா."

எங்களுக்கு நூல் கொடுப்பது ஒரு அம்மாள். அவரை யாரும் அண்ணே என்று கூப்பிடுவதில்லை. என் காதில் பூச் சுற்றப் பார்க்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது போன் மறுபடி மின்னியது. எட்டிப் பார்த்தேன். பெரிய தெருவில் கண்ணாடி போட்ட தையல் கடை வைத்திருக்கிறாரே, அந்த முதலாளி. எங்கள் வாடிக்கையில் பாதியைக் கொண்டு போனவர். ஊசியை வேலைக்குக் கூப்பிட்டு ஒருமுறை ஆளும் அனுப்பியவர்.

எனக்கு எல்லாம் பொருந்தி வந்துவிட்டது. இவர் வெட்டை இவன் மாற்றி வைப்பான், ஹோட்டல்காரன் கோபித்துக்கொண்டு ஆர்டரைத் திருப்புவான், அது நேராகப் பெரிய தெருவுக்குப் போகும், கூடவே இவனும் போவான். வீட்டுக்குப் போனதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் போன் விஷயத்தை அவரிடம் சொன்னேன். கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று ஒரு பக்கம் உறுத்தியது. இன்னொரு பக்கம், கண்டுபிடித்துவிட்டேன் என்ற திருப்தியும் இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மறுநாள் இவர் கையை நீட்டி, "சாவியை வை" என்றார்.

"என்ன அத்தான்?"

"சாவியை வைடா. போன்ல பேசற ஆளுகிட்டயே போயி தைச்சுக்க. என் வெட்டை மாத்தி வெக்கற வேலை இனிமே இங்க வேணாம்."

ஊசி அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஏற்கெனவே தைத்து முடித்த பொத்தான் மேலேயே மறுபடி ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். நான் தலையைத் தூக்குவேன் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. பிறகு சாவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் போனபின் கடை நிம்மதியாகிவிடும் என்று நினைத்தேன். கடை என்னவோ அமைதியாகத்தான் இருந்தது. வீட்டில்தான் சில சில்லறை விஷயங்கள் கண்ணில் படத் தொடங்கின. ஒரு நாள் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு கடைவரை நடந்து வந்தார், ஊருக்கே தைக்கிற தையற்காரர். இன்னொரு நாள் என்னிடம் கை நீட்டி, "அதை எடு, அந்த… வெட்டறது" என்றார். கத்தரிக்கோல் என்ற சொல் வரவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "உங்க பொண்டாட்டி பேராவது ஞாபகம் இருக்கா?" என்றேன். அவரும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் வரை அந்தச் சொல்லைத் தவிர்த்தே பேசினார். நான் கவனித்தேன்.

களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். வயசு என்றேன். மச்சான் துரோகம் செய்துவிட்டான் என்ற வருத்தம் என்றேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரையே வேவு பார்க்கிற நான், என் பக்கத்தில் படுத்திருக்கிற மனிதரைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன். ஏனென்றால் கணக்கு எளிது. அந்தத் துண்டுகளை ஊசி வெட்டவில்லை என்றால் வெட்டியவர் இவர். வெட்டிவிட்டு, வெட்டியதே தெரியாமல் இருக்கிறார். ஊசி திருடனாக இருந்தால் திட்டலாம், ஒரு நாள் மன்னிக்கலாம், மறுபடி சாப்பிடக் கூப்பிடலாம். இதற்கு என்ன செய்வது? ஊசிதான் செய்திருக்க வேண்டும், அவனாகவே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். என் கூடப்பிறந்தவன் அயோக்கியனாக இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன்.

ஹோட்டல்காரர்கள் கடைசித் தவணையாக மறுபடி துணி அனுப்பினார்கள். இதுவும் வீணானால் ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இவர் பூட்டை மாற்றினார். ஊசி கள்ளச்சாவி வைத்திருப்பான் என்றார். பட்டப்பகலில் ஷட்டரை இறக்கி உள்பக்கம் கொக்கி போட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, "நீ உக்காந்து பாரு. நீயே சாட்சி. எவன் கை வைக்கறான்னு பாத்துடலாம்" என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். துணியை விரித்து உள்ளங்கையால் தடவினார். அந்தத் தடவலில் ஒரு குறையும் இல்லை. அட்டையை வைத்தார். துணியின் கட்டத்தோடு அட்டையில் இருந்த கோட்டைச் சேர்த்தார். சாக்பீஸ் ஒரே இழுப்பில் போயிற்று, நெஞ்சு, கழுத்து, கைக்குழி எல்லாம். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அட்டையை எடுத்தார். அப்படியே தூக்கி, அப்படியே நகர்த்தி, அந்தப் பக்கம் வைத்தார். புரட்டவில்லை.

புரட்டப் போகிறார், ஏதோ அளவு பார்க்கிறார் என்று நினைத்தேன். சாக்பீஸை எடுத்தார். என் வாய்வரை வந்துவிட்டது, "ஏங்க, அட்டை" என்று. ஆனால் அவர் வெட்டுமேசையில் நான் இதுநாள்வரை வாய் வைத்ததில்லை. அதுவுமில்லாமல் இன்னொரு எண்ணமும் ஓடியது: நான் சொல்லிவிட்டால் திருத்திவிடுவார், பிறகு உண்மை என்னவென்று தெரியாமலே போகும். கோடு விழுந்தது. கத்தரிக்கோல் இறங்கியது. கனத்த துணியில் அது நகரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெட்டி முடித்து, இரண்டையும் எடுத்து, நிதானமாக ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். மேல் துண்டை எடுத்துத் திருப்பினார், கீழ்த் துண்டைத் திருப்பினார். ஷட்டரைப் பார்த்தார். கொக்கி போட்டபடியே இருந்தது. பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்.

"நீயா?" என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"அக்காளும் தம்பியும் சேர்ந்துதான் இத்தனை நாளா பண்றீங்களா?"

"நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்லைங்க."

"உள்ள இருக்கறது நாம ரெண்டு பேரு. நான் பண்ணல. அப்ப யாரு?"

எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். என்னை ஒருவர் அப்படிப் பார்த்து நான் நின்றதில்லை. தோல் உரிந்தது போல இருந்தது. கத்தி அழுதிருப்பேன். ஆனால் அவர் கண் மறுபடி மறுபடி அந்தக் கொக்கிக்கே போவதைப் பார்த்துவிட்டேன். அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று தெரிந்தது.

"வெளிய போ. வெளிய போயி பூட்டு. நான் மட்டும் வெட்டறேன்" என்றார்.

"துணி வீணாகும்ங்க."

"உள்ள வெச்சுத் தைக்கற லைனிங் துணில வெட்டறேன். நீ போ."

போனேன். ஷட்டரை இறக்கிப் பூட்டிச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு கடைவாசலில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர்ச் சாரியில் செருப்புத் தைக்கிறவர், "என்னம்மா, மாஸ்டரை உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க, சண்டையா?" என்று கேட்டுச் சிரித்தார். "ஆமாங்க, அடங்க மாட்டேங்கறாரு" என்று நானும் சிரித்தேன். உள்ளே சத்தமே இல்லை. சரியாக வெட்டிவிடட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். சரியாக வெட்டினால் மூன்று தடவையும் கெடுத்தது நான்தான் என்று ஆகும். ஆகட்டும், நானே ஆகிவிட்டுப் போகிறேன் என்று இருந்தது எனக்கு.

உள்ளிருந்து ஷட்டரைத் தட்டினார். திறந்தேன். கையில் இரண்டு துண்டுகள்.

"நீ உள்ள வரலையே?" என்றார்.

ஒரு பொய் சொல்லிவிட்டால் அவர் தப்பித்துவிடுவார். சாவி என் கையில்தானே, பூட்டைத் திறந்து வந்தேன் என்றால் நம்பியிருப்பார், நம்புவதற்குக் காத்துக்கொண்டிருந்தார். "வரலைங்க" என்றேன்.

"அப்ப யாரு?" என்று மறுபடி கேட்டார். இந்த முறை அது என்னைக் கேட்ட மாதிரி இல்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு இடப்பக்கங்களும் எங்கள் மடியில் கிடந்தன.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவருக்குக் கீழே இருந்த டாக்டரம்மா மூளையைப் படம் எடுக்கச் சொன்னார். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாகச் சில சின்னப் புள்ளிகளைக் காட்டினார். "ரத்தம் போகாம நின்ன இடங்கள். சின்னச் சின்னப் பக்கவாதம்தான். கை கால் விழல, வாய் கோணல, அதனால யாருக்கும் தெரியல. ஆனா யோசிக்கறது, ஒழுங்குபடுத்தறது, சட்டுனு சந்தேகமும் கோபமும் வர்றது, இதுலல்லாம் காட்டும்."

"இது என் தலைதானா? பேரை மாத்தி வெச்சிருக்கப் போறாங்க" என்றார் இவர். நான் எட்டிப் பெயரைப் பார்த்தேன். பழக்கதோஷம்.

"மாத்திரை ஒழுங்கா போடறாரா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான்தான் கையில குடுக்கறேன்" என்றேன் வேகமாக.

இவர் தரையைப் பார்த்தார். "கொஞ்ச நாளா துப்பிட்டேன்" என்றார். ஒருநாள் கத்தரிக்கோல் விரலில் பட்டு, ரத்தம் நிற்காமல், ஒருவர் கொடுத்த வெள்ளைத் துணியெல்லாம் பாழாகிவிட்டதாம். அதான் துடிப்பு சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை, மருந்துக் கம்பெனிக்காரனுக்கு வியாபாரம் ஆகவா என்று தோன்றியதாம். "இவகிட்ட கத்துக்கிட்டதுதான்" என்று என் பக்கம் கை காட்டினார். எனக்கு அவரை அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று இருந்தது.

ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. "நீங்க குழாய் விட்டதுல வந்ததா, மாத்திரை போடாததுல வந்ததா? மறைக்காம சொல்லுங்க. மாத்திரை மேல பழியைப் போட்டா உங்களுக்குச் சுலபமில்ல?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "நீங்க கேக்கறது நியாயம்தான். அந்தச் சிகிச்சையப்பவும் இப்படிப் புள்ளி வரலாம். மாத்திரையை நிறுத்தினதுலயும் வரலாம். துடிப்பு தாறுமாறா இருந்த அந்த வருஷங்கள்லயே வந்திருக்கலாம். சிகிச்சைக்கு முன்னாடி எடுத்த படம் எங்ககிட்ட இல்ல. அதனால எது எப்ப வந்ததுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார். "மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிக்கணும். பயிற்சியும் குடுப்போம். கொஞ்சம் தேறுவார். எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது."

என்னைப் போன்றவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. யாராவது ஒருவரைக் காட்டியிருந்தால் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். காட்டவே ஆள் இல்லை என்கிறார்கள்.

இவரை ஒரு அறையில் படுக்க வைத்தார்கள். நான் தாழ்வாரத்தில் நின்று ஊசிக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். நான் சொல்லச் சொல்ல, "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டான். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அக்குளில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் கட்டத் துணி, அதே கட்டம், அதே நிறம்.

"பெரிய தெரு கண்ணாடிக் கடைக்காரர்கிட்ட இதே பீஸ் இருந்துச்சுக்கா. முதல் தடவையிலேயே கேட்டு வெச்சேன். கெட்டுப்போன பக்கத்தை மட்டும் நானே வெட்டிச் சேத்துட்டா அத்தானுக்குத் தெரியாமலே முடிச்சிடலாம்னு பாத்தேன். அவர்தான் தப்பா வெட்டறாருன்னு எனக்கு அப்பவே தெரியும். அவருக்கே தெரியலன்னு தெரிஞ்சப்ப எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நூல்காரர் என்று ஏன் பொய் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அத்தான் சாவி கேட்டப்ப நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

பூசி மெழுக எனக்கு நூறு வழி தெரியும். அன்றைக்கு அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை. "நீதான் பண்ணினேன்னு நெனச்சேன்டா. அப்புறம் சந்தேகம் அவரு பக்கம் திரும்பினப்பக்கூட நீயாவே இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். நீ இல்லேன்னா அவரு. அதை என்னால தாங்க முடியல."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தான்.

"அத்தானுக்கு மூளையில புள்ளி இருக்கு. படம் எடுத்துக் காட்டறாங்க. அவரு பேசினதுக்கு அதான் காரணம்னு நான் விட்டுடுவேன்" என்றான். குரல் உயரவே இல்லை. "உனக்கு என்ன காரணம்க்கா?"

உள்ளேயிருந்து இவர் குரல், "யாரு வெளிய? யாருகிட்ட பேசற?" என்று கேட்டது. கேள்வியில் இன்னும் அந்தக் கூர்மை இருந்தது.

"நான்தான் அத்தான்" என்று சொல்லிவிட்டு அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். இவர் ஏதோ சொல்ல, அவன் ஏதோ பதில் சொல்ல, ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நானும் போயிருக்கலாம், கதவு திறந்துதான் இருந்தது. போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.